முதல் பத்தில் வராத சாவு

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன், அப்பா நலமாகிக்கொண்டிருக்கிறார். இருவரும் நலம் என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடலாமா என்று பார்த்தேன், பொய்யாகிவிடும். இருபது நாளுக்கு முன்னால் அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது. பதறாதே, டிக்கெட் தேடாதே, முதலில் கடைசிவரை படி. அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது. இப்போது எனக்கு எதிரே உட்கார்ந்து, உப்புக் குறைத்த சாப்பாட்டை என்னைத் திட்டிக்கொண்டே சாப்பிடுகிறார். உன்னிடம் சொல்லக்கூடாது என்று அவர் சத்தியம் வாங்கப் பார்த்தார், நான் கொடுக்கவில்லை. போனில் ஏன் சொல்லவில்லை என்று நீ கோபப்படுவாய். இந்த இருபது நாளில் நீ ஆறு முறை பேசினாய், அதில் இரண்டு முறை நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி பேசினேன். ஆறு முறையும் நீ கேட்டது இரண்டே கேள்வி, கதவை ஒழுங்காகப் பூட்டுகிறீர்களா, கேமராவை மாட்டிவிட்டீர்களா. அப்பா தூங்குகிறார் என்றேன், ஆறு முறையும் நம்பினாய். எழுபது வயது மனிதர் சாயங்காலம் ஐந்து மணிக்கு எதற்கு இவ்வளவு தூங்குகிறார் என்று உனக்குத் தோன்றவில்லை. அதனால்தான் கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது.

நீ அனுப்பிய கேமரா பத்திரமாக வந்து சேர்ந்தது, பெட்டியோடு அலமாரியின் மேல் தட்டில் இருக்கிறது. அங்கேயே இருக்கட்டும். அந்தக் கொலையைப் பற்றி உனக்குத் தெரிந்ததெல்லாம் நம் தெருக்காரர்கள் அனுப்பிய வீடியோவிலிருந்து வந்தது, அதனால் நடந்ததை நானே சொல்கிறேன். நம் முட்டுத் தெரு மெயின் ரோட்டில் போய்ச் சேரும் முனையில் ஓர் எலக்ட்ரிக்கல் கடை இருக்கிறதே, அந்தக் கடைக்காரரை அவருடைய தங்கை கணவரே குத்திவிட்டார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர், அது யாருடையது என்று ஆறு வருஷச் சண்டை. குத்தியவர் எங்கும் ஓடவில்லை, அதே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், போலீஸ் வந்து கூப்பிட்டதும் எழுந்து போனார். அவ்வளவுதான் விஷயம். முகமூடி கிடையாது, கும்பல் கிடையாது, வெளியூர்க்காரன் கிடையாது. ஆனால் மறுநாள் காலைக்குள் நம் தெருவில் கொலைகாரர்கள் மூன்று பேராகிவிட்டார்கள், மத்தியானம் மோட்டார் சைக்கிள் வந்து சேர்ந்தது, சாயங்காலம் ஒருவன் நம் வீட்டு வாசலில் நின்று அடையாளம் வைத்துவிட்டுப் போனதாகவும் கேள்விப்பட்டேன். அந்த அடையாளம் கேஸ் கம்பெனிக்காரன் சாக்பீஸில் எழுதிய நம்பர்.

இதற்கு ஒரு கூட்டம் வேறு போட்டார்கள். போட்டவர் மேஜர். நீ போன பிறகு குடிவந்தவர், உனக்குத் தெரியாது. மேஜர் என்பது தெரு வைத்த பெயர், குடிநீர் வாரியத்தில் இருந்தவர், அவர் வாழ்நாளில் கையில் எடுத்த ஒரே ஆயுதம் தண்ணீர் மீட்டர் மூடியைத் திறக்கும் கம்பிதான். அவருக்குத் துணையாக ஒரு செயலாளர், ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர், தெருவின் வரைபடத்தை நான்கு கலரில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். எதிரி எந்தப் பக்கமாக வருவான் என்று சிவப்பு அம்புக்குறி. இருபத்தேழு வீட்டுக்காரர்கள் அந்த அம்புக்குறியை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். உன் அப்பாவும்தான். என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. இருபத்தொன்பது வருஷம் இறப்புப் பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்து இந்த ஊரின் சாவையெல்லாம் என் கையால் எழுதியவள் நான், எனக்குத் தெரியாதா எது வந்து ஆளைக் கொண்டுபோகும் என்று. நான் ஓய்வு பெற்ற வருஷம் ஆயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் இறந்தார்கள். நெஞ்சிலும் ரத்தக்குழாயிலும் போனவர்கள் மட்டும் ஐந்நூறைத் தொட்டார்கள். பக்கவாதம், நுரையீரல், புற்றுநோய், சுகர், சிறுநீரகம் என்று அப்புறம் வரிசை. ரோட்டில் அடிபட்டு எழுபத்தொன்று. குளியலறையில் வழுக்கி விழுந்து படுத்து எழுந்திருக்காமல் போன கிழவன் கிழவிகளே முப்பதுக்கு மேல். தன் கையால் தன்னை முடித்துக்கொண்டவர்கள் முப்பத்தெட்டு, அவர்களுக்காக எந்தத் தெருவிலும் கூட்டம் போட்டதாக நினைவில்லை. கொலை ஒன்பது. ஒன்பது, பதினேழாவது வரிசையில். அந்த ஒன்பதிலும் ஏழு பேரைக் கொன்றது அவர்களோடு ஒரே வீட்டில் சாப்பிட்டவர்கள். இதைத்தான் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். "திருடன் வர்ற வழிக்கு அம்பு போட்டீங்களே சார், உங்க சமையலறை உப்பு டப்பாவுக்கு ஒரு அம்பு போடுங்க, அதுதான் உங்கள முதல்ல பிடிக்கும்"னு சொன்னேன். இரண்டு பேர் சிரித்தார்கள். மேஜர் சிரிக்கவில்லை. "அம்மா, நீங்க செத்தவங்களோடவே இருந்து பழகிட்டீங்க. நாங்க உயிரோட இருக்கணும்னு பார்க்குறோம்" என்றார். கைதட்டல் அவருக்குத்தான். அப்பா தலையைக் குனிந்துகொண்டு தட்டினார்.

எனக்கு இது புதிதில்லை. ஒவ்வொரு ஜனவரியிலும் எங்கள் ஆபீசுக்கு ஒரு நிருபர் வருவார், வருஷக் கணக்கைக் கேட்க. நான் முதல் வரிசையிலிருந்து படிக்க ஆரம்பித்தால், பேனாவை மூடியபடியே கையில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பார். கொலை என்ற வரிசைக்கு வந்ததும் மூடியைக் கழற்றுவார். அந்த எண்ணிக்கையை மட்டும் எழுதிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போவார். மறுநாள் பேப்பரைப் பார்த்தால் இந்த ஊரில் கத்தியைத் தவிர வேறு எதனாலும் ஒருத்தனும் சாகவில்லை என்றுதான் நினைக்கத் தோன்றும். டாக்டர்கள் மட்டும் என்ன வாழ்ந்தது. மரணத்தின் காரணம் என்று கேட்டால் இதயம் நின்றது என்று எழுதி அனுப்புவார்கள். எந்தப் பிணத்துக்கு ஐயா இதயம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று கேட்டுப் படிவத்தைத் திருப்பி அனுப்புவேன், அதற்காகவே எனக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர். இன்னொன்றும் சொல்கிறேன், கூட்டத்தில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த ஒன்பதும் முழுக் கணக்கில்லை. இருபத்துமூன்று வயசுப் பெண் மாடிப்படியில் வழுக்கி விழுந்து இறந்ததாகப் படிவம் வரும், அதே வீட்டில் இரண்டு வருஷத்துக்கு முன்னால் இன்னொரு மருமகளும் அதே படியில்தான் வழுக்கியிருப்பாள். நான் போலீசுக்கு எழுதுவேன், பதில் வராது, விபத்து என்ற வரிசையில் போய்ச் சேரும். ஆக, பயப்பட வேண்டிய கொலைக்கு யாரும் பயப்படுவதில்லை, அது வீட்டுக்குள்ளே நடக்கிறது, அதற்குக் கேட் போட முடியாது.

ஆனால் கேட் போட்டார்கள். தெரு முனையில், ஆளுயரத்துக்கு மேல், ஈட்டி வைத்த இரும்புக் கேட். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பூட்டு. சாவி இரண்டே இரண்டு, ஒன்று மேஜரிடம், ஒன்று செயலாளரிடம். யாராவது வெளியே போகவேண்டுமென்றால் அவர்கள் வீட்டு மணியை அடித்துக் காரணம் சொல்லவேண்டும். பால் வாங்கக் காரணம் சொன்னவள் நான். உன் அப்பாவுக்கு டாக்டர் பிரஷர் என்று சொன்ன நாளிலிருந்து நான்கு வருஷமாக ஒரு நாள் விடாமல் சாயங்காலம் ஐந்தரைக்கு நடந்துகொண்டிருந்தவர், கேட் வந்ததும் நின்றுவிட்டார். நீயும் உன் பங்குக்குப் போனில் "வெளிய போகாதீங்கப்பா, காலம் கெட்டுக் கிடக்கு" என்று ஓதினாய். மகனே சொல்லிவிட்டான் என்று அவருக்கு ஒரே பெருமை. ஐந்து வாரம் அந்த சோபாவை விட்டு அசையவில்லை. நீ மாட்டச் சொன்ன கேமராவை மாட்டாததால் அடுத்த வீட்டுக் கேமராவின் படத்தைத் தன் போனில் வாங்கி வைத்துக்கொண்டு, காலியான தெருவைப் பார்த்தபடி பிஸ்கட் பாக்கெட்டைக் காலி செய்தார். நான் அதைப் பிடுங்கினால் "கொலை நடக்குற ஊர்ல பிஸ்கட்டா பெருசு" என்பார். அதைவிடப் பெரிய கூத்து பிறகுதான் தெரிந்தது. பிரஷர் மாத்திரை தீர்ந்து பதினோரு நாள் ஆகியிருக்கிறது. மருந்துக்கடைக்கு அந்த எலக்ட்ரிக்கல் கடையைத் தாண்டித்தான் போகவேண்டும், கடை வாசலில் இன்னும் கறை இருக்கிறதென்று யாரோ சொன்னார்களாம், அதனால் போகவில்லை. என்னிடமும் சொல்லவில்லை, சொன்னால் நான் சிரிப்பேனாம். சிரித்திருப்பேன், அதுவும் உண்மைதான்.

அன்று புதன்கிழமை, மாலை ஆறு பத்து. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். தாடை வலிக்கிறது என்றார். பல்லாக இருக்கும் என்றேன். நெஞ்சில் ஏதோ கனக்கிறது என்றார், பிஸ்கட் தின்றால் கனக்காமல் என்ன செய்யும் என்று சொல்லி ஒரு சோடாவை உடைத்துக் கொடுத்தேன். மகனே, இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் எழுதுகிறேன். ஊரில் இருக்கும் எல்லாரையும் மடையர்கள் என்று சொல்லிக்கொண்டு திரிந்த நான், பல்லாயிரம் படிவத்தில் நெஞ்சுவலி என்று எழுதிய நான், எதிரே உட்கார்ந்திருந்த மனிதருக்கு வந்தபோது சோடா கொடுத்தேன். இருபத்தைந்து நிமிஷம் அப்படிப் போயிற்று. பிறகு சட்டை முதுகில் ஒட்டுகிற மாதிரி வியர்த்தது, முகம் சாம்பல் நிறமாயிற்று, அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். பதினோரு நிமிஷத்தில் வந்துவிட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. வந்து கேட்டுக்கு வெளியே நின்றார்கள்.

மேஜரைக் கூப்பிட்டால் போன் அணைத்து வைத்திருந்தது. உள்ளூர் சேனலில் பாதுகாப்பான தெரு என்ற தலைப்பில் பேசப் போயிருந்தாராம். செயலாளர் வீட்டுக்கு ஓடினேன், எனக்கு ஓடி இருபது வருஷம் இருக்கும். மணி அடித்தேன், கதவைத் தட்டினேன், திறக்கவில்லை. ஜன்னல் வழியாக அவர் குரல் மட்டும் வந்தது. "கேட்ட ரெண்டு பேரு உலுக்குறாங்க, நான் கேமராவுல பார்த்துட்டேன். யூனிபார்ம்லயும் வருவாங்கம்மா, ஆம்புலன்ஸ்லயும் வருவாங்க. நீங்க உள்ள போங்க, போலீசுக்குச் சொல்லிட்டேன்." என் வீட்டுக்காரருக்குத்தான் ஆம்புலன்ஸ் என்று நான் கத்துகிறேன், அந்த மனிதர் நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுக்கும் சத்தம் கேட்கிறது. அவரைப் பற்றி எழுதத் தகுந்த வார்த்தை எனக்குத் தெரியும், அம்மா மகனுக்கு எழுதும் கடிதம் என்பதால் விட்டுவிடுகிறேன். திரும்பி ஓடி வந்தால், ஆம்புலன்சில் வந்த நர்ஸ் பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்த ஈட்டிகளின் மேல் ஏறிக்கொண்டிருந்தாள். கால்சட்டை கிழிந்தது, குதித்துவிட்டாள். ஆனால் ஸ்ட்ரெச்சர் குதிக்குமா.

பூட்டை வெட்டியது யார் தெரியுமா, கடைக்காரரின் மனைவி. கணவரைப் பறிகொடுத்து ஐம்பது நாள்கூட ஆகாதவர். பத்து நாளாகத்தான் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சத்தம் கேட்டு வெளியே வந்தவர், யாருக்கு, என்ன என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. உள்ளே போய்க் கட்டிங் மிஷினை எடுத்துக்கொண்டு, கடையிலிருந்து நீளமாக ஒயரை இழுத்துக்கொண்டு வந்தார். "எல்லாரும் கண்ண மூடிக்கங்க" என்றார். பொறி பறந்தது, நாற்பது எண்ணுவதற்குள் பூட்டு கீழே விழுந்தது. அப்பாவை ஏற்றும்போது நான் தனியாக நிற்பதைப் பார்த்துவிட்டு, கடை ஷட்டரை இறக்கி என்னோடு வண்டியில் ஏறிக்கொண்டார். வண்டியில் நர்ஸ் பெண் பெயர் கேட்டாள், வயது கேட்டாள், நான் சொல்லச் சொல்ல என் மனசு பாட்டுக்கு இறப்புப் படிவத்தின் அடுத்தடுத்த கட்டங்களை நிரப்பிக்கொண்டு போனது. உடனடிக் காரணம், மாரடைப்பு. அடிப்படைக் காரணம், உயர் ரத்த அழுத்தம். அதற்குக் கீழே இன்னொன்று எழுத வேண்டியிருந்தது, பயம் என்று. அந்தப் படிவத்தில் அதற்கு இடம் இல்லை. இருபத்தொன்பது வருஷம் படிவம் நிரப்பி ஒரு தடவைகூட அழாதவள், அன்று பேனா இல்லாத என் கையைப் பார்த்து அழுதேன்.

ஆஸ்பத்திரியில் அப்பாவை உள்ளே கொண்டுபோன பிறகு நாங்கள் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஏதாவது பேசவேண்டுமே என்று அவரிடம், உங்கள் வீட்டுக்காரர் போனதற்கு நான் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். "நீங்க வராததே நல்லதும்மா. வந்தவங்கெல்லாம் எந்த இடம்னுதான் கேட்டாங்க. எந்த இடத்துல குத்துனாரு, எங்க விழுந்தாருன்னு. இப்ப ஒருத்தரும் ஒரு பல்பு வாங்கக்கூட வர்றதில்ல" என்றார். கொலைகாரரைப் பற்றிப் பயமில்லையா என்று கேட்டேன், என் வாயும் சும்மா இருக்கவில்லை. "அவர உள்ள வெச்சாச்சு, அவர்கிட்ட என்ன பயம். என் மாமியார நெனச்சுத்தான் பயப்படுறேன். மகன் போனதுலருந்து இன்சுலின் போட்டுக்க மாட்டேங்குறாங்க. காலு கறுக்க ஆரம்பிச்சிருக்கு" என்றார். நான் கூட்டத்தில் ஒன்பது என்று சொல்லிச் சிரிக்க வைத்தேனே, இந்த வருஷக் கணக்கில் அவருடைய கணவர் அந்த வரிசையில் ஒரு ஆள். அந்த மாமியார் போனால் சுகர் என்ற வரிசையில் எழுதுவார்கள், இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவரும் இருக்கமாட்டார்கள். என் அட்டவணை தப்பு என்று சொல்லவில்லை, கணக்கு கணக்குதான். ஆனால் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அதை இன்னொரு முறை வாயைத் திறந்து சொல்ல எனக்கு வரவில்லை. இப்போது தினமும் காலையில் அந்த வீட்டுக்குப் போய் அந்தக் கிழவிக்கு நானே ஊசி போடுகிறேன். முதல் நாள் என்னை வெளியே போ என்றாள். போகமாட்டேன் என்றேன். நேற்று கையைத் தானே நீட்டினாள்.

மேஜர் ஒரு கிலோ ஆப்பிளோடு ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தார். நடந்தது துரதிர்ஷ்டம் என்றார். பூட்டை உடைத்தது யார் என்று தெருவில் விசாரணை நடப்பதாகவும், புதிதாகப் போட்டிருக்கும் பெரிய பூட்டுக்கு மூன்றாவது சாவியை எனக்கே மரியாதையாகக் கொடுப்பதாகத் தீர்மானம் போட்டிருப்பதாகவும் சொன்னார். செயலாளர் பின்னாலேயே நின்று, தான் கேமராவில் பார்த்தபோது அந்த நர்ஸ் பெண் கொஞ்சம் சந்தேகமாகத்தான் தெரிந்தாள் என்று வேறு சொன்னார். அப்பா படுக்கையிலிருந்து, எனக்கு ஆச்சரியம், "சார், அவங்கதான் என் உயிரக் காப்பாத்துனவங்க. நீங்க ஆப்பிள எடுத்துக்கிட்டுப் போயிடுங்க" என்றார். அவ்வளவு மெதுவாகச் சொன்னதால் இருவருக்கும் உறைக்க நேரம் ஆயிற்று. உறைத்ததும் போய்விட்டார்கள், ஆப்பிளையும் எடுத்துக்கொண்டுதான். நான் வீட்டுக்கு வந்ததும் தீயணைப்பு நிலையத்துக்கும் நகராட்சிக்கும் தனித்தனியாக மனு எழுதினேன், தேதி, நேரம், ஆம்புலன்ஸ் நின்ற நிமிஷம் எல்லாம் போட்டு. மனு எழுதுவதில் என்னை மிஞ்ச அந்த டிராயிங் மாஸ்டருக்கு நான்கு கலர் போதாது. போன செவ்வாய்க்கிழமை லாரியோடு வந்து கேட்டைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். நம் தெருக்காரர்கள் ஜன்னலுக்குப் பின்னால் நின்று, இனி நம் கதி என்ன என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கதியெல்லாம் சமையலறையிலும் சோபாவிலும் பத்திரமாக இருக்கிறது, கேட் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ போனில் பேசும்போது லைட்டர் சொடுக்கும் சத்தம் எனக்குக் கேட்கிறது. ஒரு போனுக்கு மூன்று தடவை. விட்டுவிட்டேன் என்று உன் மனைவியை வேண்டுமானால் ஏமாற்று. உனக்கு நாற்பத்திரண்டு வயது ஆகிறது, உன் அப்பாவின் அப்பா ஐம்பத்தொன்றில் போனார், அவர் படிவத்தையும் நான் பார்த்திருக்கிறேன். நீ இருக்கும் ஊரில் துப்பாக்கி, கத்தி என்று ஏதேதோ செய்தி அனுப்புகிறாய், எனக்கு அதில் பயமில்லை. நீ காரில் பெல்ட் போடாமல் எடுத்த போட்டோவை அனுப்பினாயே, அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம். அங்கே ஒரு பிரஷர் மிஷின் வாங்கிக்கொள், அந்தக் கேமராவைவிட சின்னதுதான். அப்பா அடுத்த மாதம் முதல் நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், நேற்றே மருந்துக்கடைவரை போய்த் தன் மாத்திரையைத் தானே வாங்கி வந்துவிட்டார், திரும்பும்போது அந்தக் கடையில் ஒரு பல்பும் வாங்கினார். வீட்டில் ஒரு பல்பும் ஃப்யூஸ் ஆகவில்லை. நீ இப்போது ஓடி வர வேண்டாம், லீவு கிடைக்கும்போது வா, வந்தால் அப்பாவோடு நட.

மனைவிக்கும் பிள்ளைக்கும் என் அன்பைச் சொல். அடுத்த முறை போன் செய்யும்போது கதவைப் பற்றிக் கேட்காதே, அப்பாவின் பிரஷர் எவ்வளவு என்று கேள், உன்னுடையதையும் சொல். உனக்கு என்ன ஆசீர்வாதம் செய்வது என்று யோசித்துப் பார்த்தேன். தொண்ணூறைத் தாண்டி, உன் சொந்தப் படுக்கையில், சுற்றி நிற்பவர்கள் கொட்டாவி விடுமளவுக்கு சாதாரணமான ஒரு காரணத்தால், எந்தப் பேப்பரிலும் ஒரு வரிகூட வராத சாவாக உனக்கு அமையட்டும். அதுவரை நன்றாக இரு.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
திமிர் பிடித்த அம்மா